ஒரு ஜோடிக் கம்பியில் ஐந்து பேச்சு

எங்கள் வீட்டில் கேரியர் என்றால் இரண்டு. ஒன்று, அம்மா காலை எட்டு மணிக்குள் கட்டி முடித்துவிடும் நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர். இன்னொன்று, அதைத் தூக்கிக்கொண்டு அப்பா போய் உட்காரும் கேரியர் ரூம். அப்பா டெலிபோன் டெக்னீஷியன். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்குப் பின்பக்கம், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு குளிர்ந்த அறையில் ஆளுயர இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். வெளியூருக்குப் போகும் ஒரு ஜோடிக் கம்பியில் ஒரே நேரத்தில் பல பேர் பேசுவதற்கான ஏற்பாடெல்லாம் அந்தச் சட்டங்களில்தான் இருந்தது. அது எப்படிப்பா முடியும் என்று கேட்டபோது அப்பா அம்மாவின் கேரியரைத்தான் எடுத்து வைத்தார். பிடி ஒன்று, அடுக்கு நாலு, சாம்பாரும் ரசமும் தயிரும் ஒரே கையில் போகிறது, போய்த் திறந்து பார்த்தால் அது அது அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

பின்னாளில் நானும் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, இந்த விஷயத்தின் பழைய கட்டுரைகளையும் பேட்டண்டுகளையும் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அப்பா சொன்ன உதாரணத்தில் அடுக்குகளை விட மூடிதான் முக்கியம். பல குரல்களை ஒரே கம்பியில் போட்டு அனுப்புவது பெரிய கஷ்டமில்லை, அந்த யோசனை தொலைபேசியை விடவே பழையது. கிரகாம் பெல்லே முதலில் முயற்சி செய்தது ஒரு கம்பியில் பல தந்திகளைப் பல ஸ்வரங்களாக அனுப்புவதற்குத்தான், அந்த வழியில் போகும்போதுதான் டெலிபோன் அகப்பட்டது. ரசம் தயிரில் சிந்தாமல் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு விஷயம். அதற்கு ஒரு தலைமுறை இன்ஜினியர்களின் உழைப்பு போயிருக்கிறது. நான் வாசித்த வரையில் இந்தக் கதையில் ஒவ்வொரு கட்டத்திலும் முடிச்சை அவிழ்த்தவர் எதையோ ஒன்றைத் துணிந்து தூக்கி எறிந்தவராக இருக்கிறார். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் செம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

1915 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு, அதாவது நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, முதல் டெலிபோன் லைனை ஏடி அண்ட் டி கம்பெனி திறந்து வைத்தது. நியூயார்க்கில் பெல், அந்தப் பக்கம் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன். 1876-இல் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி 'இங்கே வா' என்று பெல் கூப்பிட, இப்போது வர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த லைன் எப்படி இருந்தது என்பதுதான். 130,000 கம்பங்கள். அவற்றின் மேல் நாலே நாலு செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தடிமன். நம் வீட்டு ஒயரிங்கில் இருக்கும் கம்பியை நினைக்காதீர்கள், கிட்டத்தட்ட பென்சிலில் பாதிப் பருமன் உள்ள விறைப்பான செம்பு, 5,000 கிலோமீட்டருக்கு மேல், நாலு வரிசை. செம்பு மட்டுமே 2,000 டன்னுக்கு மேல். இவ்வளவையும் இழுத்துக் கட்டி ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம்? மூன்று பேர்.

நாலு கம்பி என்றால் இரண்டு ஜோடி, இரண்டு பேச்சுதானே, மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அது ஒரு அழகான வித்தை. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே கம்பி மாதிரி பாவித்து, அடுத்த ஜோடியையும் அப்படியே பாவித்து, அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு பேச்சை ஓட்டிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையில் இணைப்பு கொடுத்தால் போதும், அந்த மூன்றாவது பேச்சின் மின்னோட்டம் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் சமமாகப் பிரிந்து போவதால் அந்த ஜோடியில் பேசுபவருக்குக் கேட்காது. இதற்கு 'பேய் சர்க்யூட்' என்ற அர்த்தம் வரும்படி ஃபேண்டம் என்று பெயர். கம்பியே இல்லாத ஒரு லைன் என்பதால் பொருத்தமான பெயர்தான். ஆனால் இந்த வித்தையால் இரண்டு மூன்றாகும், அதற்கு மேல் பெருகாது.

முதல் மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 20 டாலர் 70 சென்ட். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்தை விட அதிகம். மூன்று பேச்சுக்காக ஒரு கண்டத்தின் குறுக்கே செம்பைக் கொட்டினால் அப்படித்தான் விலை வைக்க முடியும்.

இந்த லைன் வேலை செய்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, லோடிங் காயில் என்ற சுருள். லைனில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சுருளைச் சேர்த்தால் குரல் தேய்வது குறையும் என்பதற்கான கணக்கை இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் 1880-களிலேயே போட்டு வைத்திருந்தார், கேட்க ஆளில்லை. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் மைக்கேல் பூப்பினும் ஏடி அண்ட் டி-யின் ஜார்ஜ் கேம்பெல்லும் தனித்தனியாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பேட்டண்ட் பூப்பினுக்குப் போனது, கம்பெனி அதை விலை கொடுத்து வாங்கியது. இரண்டாவது காரணம் வால்வு, அதாவது மெலிந்த மின்சைகையைப் பெருக்கிக் கொடுக்கும் கண்ணாடிக் குழாய். லீ டி ஃபாரெஸ்டின் ஆடியான் வால்வை வாங்கி, அதிலுள்ள காற்றை நன்றாக உறிஞ்சி எடுத்து, நம்பி லைனில் போடும் பக்குவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெரால்ட் ஆர்னால்ட். பிட்ஸ்பர்க், ஓமாஹா, சால்ட் லேக் சிட்டி என்று மூன்று இடங்களில் வால்வு ரிப்பீட்டர் வைத்து, தேய்ந்துபோன குரலுக்கு மறுபடி உயிர் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்புறம் வந்தது அடுத்த கேள்வி. மனிதக் குரலுக்கு 3,000 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும், பேச்சு புரிந்துவிடும். அந்தத் தடித்த செம்பு அதற்கு மேலும் பல மடங்கு அதிர்வெண்ணைக் கடத்தும். அப்படியானால் மேலே உள்ள இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தக் காலி இடத்தில் குரலை ஏற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு ராணுவ அதிகாரி. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் மேஜராக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர். 1910-இல் வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே சுமார் 7 மைல் நீள டெலிபோன் கேபிளில், ரேடியோ அலைகளுக்குப் பயன்படும் உயர் அதிர்வெண்ணைக் கம்பி வழியே செலுத்தி, அதன் மேல் பேச்சை ஏற்றி, அதே கம்பியில் சாதாரணப் பேச்சும் நடக்கும்படி செய்து காட்டினார். கம்பிக்குள் கம்பியில்லாத் தந்தி என்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்தார். 1911 ஜனவரியில் பேட்டண்ட் கிடைத்ததும் அதைப் பொதுமக்களுக்கே அர்ப்பணித்துவிட்டார். பிற்காலத்தில் ஏடி அண்ட் டி மேல் அவரே வழக்குப் போட்டார், நீங்கள்தான் ஊருக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று கோர்ட் சொல்லிவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 7 மைல் வேறு, 700 மைல் வேறு. அவர் அடுக்கைக் கண்டுபிடித்தார், மூடி இன்னும் வரவில்லை.

மூடியின் முதல் பாதியைச் செய்தவர் ஜான் கார்சன். ஏடி அண்ட் டி-யில் இருந்த கணிதக்காரர். அவர் பிடித்த விஷயம் நம் பிளஸ் டூ புத்தகத்தில் இருப்பதுதான். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் என்ன வரும்? கூட்டலுக்கு ஒன்று, கழித்தலுக்கு ஒன்று என இரண்டு கொசைன்கள் வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன சூத்திரம். அதை டெலிபோனில் போட்டுப் பாருங்கள். 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்று இருக்கிறது, அதுதான் சுமந்துபோகும் அலை, கேரியர். அதோடு 1,000 ஹெர்ட்ஸ் குரலைப் பெருக்கினால் 11,000-இல் ஒன்றும் 9,000-இல் ஒன்றும் கிடைக்கும். குரல் முழுவதையும் பெருக்கினால் 10,000-க்கு மேலே குரலின் ஒரு நகல், கீழே கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக இன்னொரு நகல். நடுவில் கேரியர்.

இந்த மூன்றும் சேர்ந்து போனால்தான் குரல் போய்ச் சேரும் என்பது அன்றைக்கு எல்லாருடைய நினைப்பும். கார்சன் கணக்கைப் பார்த்துவிட்டு, மேல் நகலில் இருப்பதேதான் கீழ் நகலிலும் இருக்கிறது, ஒன்று போதும் என்றார். நடுவில் இருக்கும் கேரியரில் பேச்சே கிடையாது, அது வெறும் சுமைதூக்கி, அதையும் அனுப்ப வேண்டாம், போய்ச் சேரும் ஊரில் அதே அதிர்வெண்ணில் ஒன்றை அங்கேயே உண்டாக்கிக் கலந்துகொள்ளலாம் என்றார். 1915-இல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது 1923-இல்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு நகலில் ஒன்றை எறிந்தால் கம்பியில் இடம் பாதி மிச்சம், அதாவது அதே இடத்தில் இரண்டு மடங்கு பேச்சு. கேரியரை எறிந்தால் சக்தி மிச்சம், எவ்வளவு என்றால், அனுப்பும் சக்தியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பேசாத கேரியரே தின்றுகொண்டிருந்தது. வழியில் இருக்கும் ரிப்பீட்டர் வால்வுகள் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. பாரம் குறைந்தால் வால்வு ஒழுங்காக வேலை செய்யும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே இடத்துக்குத்தான் திரும்பி வருவோம்.

மூடியின் மறு பாதி கேம்பெல்லுடையது, லோடிங் காயிலில் பேட்டண்டைப் பறிகொடுத்தாரே, அதே கேம்பெல். சுருள் போட்ட லைனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு அளவு வரை உள்ள அதிர்வெண்ணை நன்றாகக் கடத்தும், அதைத் தாண்டியதைச் சுவர் மாதிரி தடுத்துவிடும். கேரியர்காரர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். எந்தச் சுருளால் தூர டெலிபோன் பிழைத்ததோ அதே சுருள் கேரியரின் வழியை அடைத்தது. கண்டம் தாண்டிய லைனிலிருந்துகூடச் சில வருடங்களில் சுருள்களைக் கழற்றிவிட்டு ரிப்பீட்டர்களை அதிகமாக்கினார்கள். ஆனால் கேம்பெல் அந்தத் தடுக்கும் குணத்தையே தனியாக எடுத்தார். சுருளையும் கண்டென்சரையும் ஏணிப்படி மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால், இந்த அதிர்வெண்ணிலிருந்து அந்த அதிர்வெண் வரை மட்டும் உள்ளே விடு, மற்றதை வாசலிலேயே நிறுத்து என்று சொல்லக்கூடிய பெட்டி கிடைத்துவிடுகிறது. அதுதான் ஃபில்டர். 1917 மே மாதம் பேட்டண்ட் வந்தது. ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னர் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இப்போது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வால்வு, ஒரு பக்க நகல், ஃபில்டர். முதல் உலகப் போரின் கடைசி வருடமான 1918-இல் பால்டிமோருக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, முதல் வணிக கேரியர் ஏற்பாடு லைனில் ஏறியது. டைப் ஏ என்று பெயர். ஒரு ஜோடிக் கம்பியில் கீழே வழக்கமான பேச்சு ஒன்று, அதற்கு மேலே அடுக்கடுக்காக நாலு. மொத்தம் ஐந்து. புதிதாக ஒரு கம்பமும் நடவில்லை, ஒரு முழம் செம்பும் இழுக்கவில்லை, இரண்டு முனையிலும் பெட்டிகளை வைத்தார்கள், அவ்வளவுதான். பெட்டிகள் மலிவில்லை. அதனால் பக்கத்து ஊருக்கெல்லாம் கம்பி இழுப்பதே லாபம், தூரம் கூடக் கூடத்தான் கேரியர் கட்டுப்படியாகும். இரண்டு திசைக்கும் ஒரே அதிர்வெண் வரிசையை வைத்ததால் டைப் ஏ-யில் சிக்கல் இருந்தது. 1920-களின் நடுவில் வந்த டைப் சி அதைத் திருத்தியது. போவதற்கு ஒரு வரிசை, வருவதற்கு வேறு வரிசை, எல்லாம் 30,000 ஹெர்ட்ஸுக்குள், கீழே வழக்கமான பேச்சு ஒன்று, மேலே மூன்று சேனல், அதாவது மூன்று பேச்சுக்கான தடம். ஐந்திலிருந்து நாலாகக் குறைந்ததே என்று தோன்றும். ஆனால் ஐந்து தடுமாறுவதை விட நாலு தெளிவாகப் போவது மேல் என்று முடிவெடுத்தார்கள், அந்த முடிவு சரியாகவும் இருந்தது. மூன்று சேனல் கேரியர் என்ற அந்த அளவு பல நாடுகளில் பல காலம் நின்றது, நம் ஊர்த் தந்திக் கம்பங்களிலும் அது ஓடியிருக்கிறது.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தத் தந்திக் கம்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சில கம்பங்களில் ஜோடிக் கம்பிகள் நேராகப் போகாமல் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டி இடம் மாறும். இடது கம்பி வலது பீங்கானுக்குப் போகும், வலது இடதுக்கு வரும். பக்கத்து ஜோடியின் பேச்சு இந்த ஜோடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அப்படி. ஒரு நீளத்துக்கு இந்தக் கம்பியில் ஒட்டியது, அடுத்த நீளத்துக்கு மற்றதில் ஒட்டினால் இரண்டும் அடிபட்டுப் போகும். கேரியர் வந்ததும் அதிர்வெண் கூடியது, ஒட்டுவதும் கூடியது, அதனால் குறுக்குத் தாண்டலை இன்னும் நெருக்கமாகப் போட வேண்டியிருந்தது. மழை பெய்து பீங்கான் நனைந்தால் மேல் சேனல்கள் முதலில் தேயும். லைன்மேன்களின் உடம்பு உழைப்பு இதில் எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை, எனக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது.

சரி, இப்போது கதையின் நடு முடிச்சுக்கு வருவோம்.

வால்வு ஒன்றும் தராசு இல்லை. உள்ளே இரண்டு மடங்கு போட்டால் வெளியே மிகச் சரியாக இரண்டு மடங்கு வராது, கொஞ்சம் வளையும். ஒரே ஒரு குரல் போகும்போது இந்த வளைவால் குரல் கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளலாம். பல குரல்கள் ஒரே வால்வு வழியே போனால் நிலைமையே வேறு. வளைந்த வால்வு தன்னிஷ்டத்துக்குப் பெருக்கல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கார்சன் வேண்டுமென்று செய்த அதே கூட்டலும் கழித்தலும் இங்கே வேண்டாமலே நடக்கும். ஒன்றாவது சேனலும் இரண்டாவது சேனலும் உள்ளே கலந்து, புதிதாகப் பிறந்த அதிர்வெண் நாலாவது சேனலில் போய் விழும். ஃபில்டரால் அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது நாலாவது சேனலுக்குரிய அதிர்வெண்ணிலேயே வந்திருக்கிறது. ரசம் தயிரில் சிந்தியாகிவிட்டது, இனி வடிகட்ட வழியில்லை. ஒரு ரிப்பீட்டரில் ஒரு சொட்டு என்றால் வரிசையாக நூறு ரிப்பீட்டரில் எவ்வளவு சேரும் என்று பாருங்கள். அதனால்தான் மூன்று சேனல், நாலு சேனல் என்று அங்கேயே நின்றுபோனார்கள்.

1921-இல் நியூயார்க்கின் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த, ஏடி அண்ட் டி-க்குச் சொந்தமான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஹெரால்ட் பிளாக் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். கூடச் சேர்ந்தவர்களுக்குச் சம்பள உயர்வு கொடுத்து இவரை விட்டுவிட்டார்களாம். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டு, விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசுக்கு வந்து பழைய ஃபைல்களை எல்லாம் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரிடம் எனக்கு முதலில் ஒட்டுதல் வந்தது இந்த இடத்தில்தான். எல்லாரும் வளையாத வால்வைச் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாக் நாடு முழுக்கப் போகும் லைனுக்கு ஆயிரம் ரிப்பீட்டர் வரிசையாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அதற்குத் தேவையான நேர்த்தி எந்த வால்வுக்கும் வராது என்று தெரிந்தது.

1923-இல் ஒரு மாலை ஸ்டெயின்மெட்ஸ் என்ற பெரிய மின் மேதையின் உரையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய பிளாக்குக்கு, கேள்வியையே மாற்றிக் கேட்கலாம் என்று தோன்றியது. வால்வு வளைந்தே தொலையட்டும், வளைந்ததால் வந்த கலப்படத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் கழிக்க முடியுமா? வெளியே வந்ததை உள்ளே போன அளவுக்குச் சுருக்கி, உள்ளே போனதைக் கழித்தால் மிச்சம் நிற்பது கலப்படம் மட்டும்தான். அதைத் தனியாகப் பெருக்கி, வெளியே வந்ததிலிருந்து கழித்துவிட்டால் சுத்தம். செய்து பார்த்தார், நடந்தது. ஆனால் இரண்டு பெருக்கிகளும், அதாவது ஆம்ப்ளிஃபையர்களும், இம்மி பிசகாமல் ஒத்துப் போக வேண்டும், அதற்காக மணிக்கொரு தடவை, ராத்திரி பகல் பாராமல், யாராவது ஒருவர் நின்று மின்னோட்டத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் ரிப்பீட்டருக்கு இது ஆகிற காரியமா?

இன்னும் நாலு வருடம் போயிற்று. 1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை. ஹோபோக்கனிலிருந்து மன்ஹாட்டனுக்கு ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் அன்றைய நியூயார்க் டைம்ஸ். அதில் ஒரு பக்கம் சரியாக அச்சாகாமல் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்தில் படம் வரைந்து, சமன்பாட்டை எழுதி, தேதியைப் போட்டுக் கையெழுத்தும் போட்டார். கரையேறி ஆபீசுக்குப் போனதும் சக ஊழியர் ஒருவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்கக்கூடிய ஒரு பெருக்கியைச் செய். வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே திருப்பி அனுப்பு. பெருக்கம் குறைந்து போகும், போகட்டும். சக்திக் கணக்கில் 10,000 மடங்கு அதிகமாகப் பெருக்கும் பெருக்கியைச் செய்து, அந்த 10,000 மடங்கையும் வேண்டுமென்றே தூக்கி எறிந்துவிடு. அதற்கு ஈடாக, வால்வு உண்டாக்கும் கலப்படமும் அதே கணக்கில் அடங்கிப் போகிறது. வால்வு கிழடானாலும், பேட்டரி தாழ்ந்தாலும், வெளியே வரும் அளவு அசையாது. அதை இப்போது தீர்மானிப்பது வால்வு இல்லை, திருப்பி அனுப்பும் பாதையில் இருக்கும் சாதுவான ரெசிஸ்டர்கள்தான். அந்த வருடம் டிசம்பர் 29 அன்று சோதனையில், 4,000 முதல் 45,000 ஹெர்ட்ஸ் வரை கலப்படம் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை அளந்து பார்த்தார்கள்.

இதைச் சுலபமாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே வருவதை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சென்று அலறுமே, அதுதான் ஆகும் என்று அந்தக் காலத்து இன்ஜினியர்கள் எல்லாரும் பயந்தார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. பிரிட்டிஷ் பேட்டண்ட் அலுவலகம் இதை நிற்காமல் சுற்றும் இயந்திரம் கண்டுபிடித்தேன் என்று வருகிறவர்களின் விண்ணப்பத்தைப் போல நடத்தியது என்று பிளாக் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 1928-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 1937 டிசம்பரில்தான் பேட்டண்ட் வந்தது. நடுவில் 1932-இல், அலறுமா அலறாதா என்று முன்கூட்டியே வரைந்து பார்க்கும் முறையை ஹாரி நைக்விஸ்ட் கொடுத்த பிறகுதான் கணக்குத் தெரிந்தவர்களுக்கு மனசு ஆறியது.

அதற்கும் முன்னால் லைனிலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1930-இல் நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் 25 மைல் பூமிக்கடி கேபிள் ஒன்று. அதற்குள் இருந்த ஜோடிகளை ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்து, போய்ப் போய்த் திரும்பி வரும்படி 850 மைல் நீளத்துக்கு லைன் ஆக்கி, ஒரு ஜோடியில் 9 சேனலை ஏற்றினார்கள். போக வர இரண்டு திசைக்கும் சேர்த்து ஏறக்குறைய எழுபது பெருக்கிகள் வரிசையில் இருந்தன. முதல் பெருக்கியில் போன குரல் கடைசியில் குரலாகவே வந்தது. செம்புக் கம்பியைக் கம்பத்தில் கட்டாமல், மெல்லிய கேபிளிலும் கேரியர் ஓடும் என்று அன்றைக்குத்தான் உறுதியானது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். பொருளாதார மந்தத்தால் சில வருடம் தள்ளிப்போய், 1938-இல் கம்பத்துக் கம்பிக்கு ஒன்றும் கேபிளுக்கு ஒன்றுமாக 12 சேனல் ஏற்பாடுகள் வந்தன. எஸ்பென்ஷீட், ஆஃபெல் என்ற இரண்டு இன்ஜினியர்கள், ஒரு குழாய்க்கு நடுவே ஒரு கம்பி ஓடும் கோஆக்சியல் கேபிளுக்கு 1929-லேயே பேட்டண்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள், 1936-இல் நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் நடுவே அதில் 240 சேனலுக்குச் சோதனை நடந்தது. 1941-இல் விஸ்கான்சினிலிருந்து மினியாபோலிஸுக்கு முதல் வணிக கோஆக்சியல். எண்ணிக்கை நூறுகளுக்குப் போய்விட்டது. ஆனாலும் உள்ளே இருந்த சங்கதி அதேதான்: கார்சனின் ஒற்றை நகல், கேம்பெல்லின் ஃபில்டர், பிளாக்கின் எறிந்துவிட்ட பெருக்கம்.

கார்சன் கேரியரையே எறிந்துவிட்டார் என்று மேலே சொன்னேன் அல்லவா. போய்ச் சேரும் ஊரில் அதே அதிர்வெண்ணில் ஒன்றை உண்டாக்கிக் கலக்க வேண்டும். அது சரியாக அதே அதிர்வெண்ணாக இல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போனால், குரலில் உள்ள எல்லா ஸ்வரமும் அதே அளவு தள்ளிப் போகும். 20 ஹெர்ட்ஸ் தள்ளினால் 100 என்பது 120 ஆகும், 1,000 என்பது 1,020 ஆகும். ஹெர்ட்ஸை அப்பா காலத்தில் சைக்கிள் என்பார்கள். பேச்சு புரியும், ஆனால் விகிதம் கெட்டுவிடுவதால் ஆள் வேறு மாதிரி இருப்பார்.

ஒரு நாள் ராத்திரி அத்தையிடமிருந்து டிரங்க் கால் வந்தது. அம்மா பேசினாள், நான் பேசினேன், அத்தைக்கு ஜலதோஷம் போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக அப்பா ரிசீவரை வாங்கி ஒரு நிமிடம் கேட்டார். "வெச்சிடு, அரை மணி கழிச்சுக் கூப்பிடு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, உடனே எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டார். "ஏம்மா, இப்ப எங்க வீட்டுக்குக் கொடுத்த டிரங்க் எந்த சர்க்யூட்ல கொடுத்தே? சரி, கேரியர் ரூம்ல யாரு டூட்டி, அவரைக் கூப்பிடு." அப்புறம் அவரிடம், "அண்ணே, அந்த ரெண்டாவது சேனல் ஒரு இருபது சைக்கிள் தள்ளியிருக்கு, பாத்துருங்க" என்றார்.

அரை மணி கழித்து மணி அடித்தது. எடுத்தேன். அத்தை குரல் அத்தை குரலாகவே இருந்தது.